எட்டு நாற்பது

ஜூலையிலேயே வரைபடம் மேசைக்கு வந்துவிட்டது.
கெட்டில் ஓடைக்கு மேலே
பழுப்புக் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கி
ஒரே கறையாகிப்போன இடத்தில்
காபிக் கோப்பையை வைத்தான் தேய்ன்,
என் தங்கையின் கணவன்.
"இந்தக் குழிக்குள் எவனும் இறங்கமாட்டான்."
இறங்கியவன் ஏறுவானா என்பதை
அவன் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பனிக்காலம் முழுக்கக் கணவாய்ச் சாலையில்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள் நான்.
சரிவு எனக்குப் பழக்கம்
என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட், இரண்டாம் சனி.
இருட்டோடு ஏறி முகட்டில் குப்புறப் படுத்தோம்.
தொலைநோக்கியை முக்காலியில் திருகி
எதிர்ச்சரிவைப் பருக்கை பருக்கையாய்ப்
பொறுக்கினோம்.
அடிமரம். அடிமரம். பாறை. அடிமரம்.
காது.

ஆண் எல்க்.
பக்கத்துக்கு ஆறு கிளை,
கொம்பின் மேல்தோல் இன்னும் உரியவில்லை.
வாடகை பாக்கி இல்லாதவன் போல நிதானமாய்
வடக்கு முகத்தின் கறுத்த மரங்களுக்குள் போனது.
தேய்ன் மூச்சு விடவில்லை.
நான் மணியைக் குறித்தேன்: எட்டு நாற்பது.

காலையில் மலை மூச்சைக் கீழே விடும்,
வெயில் ஏறினால் மேலே இழுக்கும்.
இடாஹோவில் இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.
குழிக்குள் இறங்கிப் பவுடர் குப்பியை அமுக்கினேன்.
வெள்ளைக் கீற்று கீழே போனது,
நின்றது,
யோசித்தது,
என் முகத்துக்கே திரும்பி வந்தது.
நோட்டில் எழுதினேன்:
பத்தரைக்கு மேல் இங்கே காற்று பொய் சொல்லும்.

சேற்றுக்குளியல் கிடைத்தது.
நனைந்த லாயமும் மூத்திரமும் கலந்த வாடை.
குளம்புத் தடத்தில் ஊறிய தண்ணீர்
இன்னும் தெளியவில்லை.
விழுந்து கிடந்த ஃபிர் மரத்தின் பின்னால்
மண்டியிட்டேன்.
வில்லில்லாத இடக்கையை நீட்டி
நாணில்லாத விரல்களைக்
கன்னம்வரை இழுத்தேன்.
முப்பத்திரண்டு கஜம்.
அது அங்கே நிற்கும், அம்பு போகும்,
நூறு கஜம் ஓடி விழும்.
அதுவரை எல்லாமே சுலபம்.

வெறும் பையோடு மேலேற
இரண்டே முக்கால் மணி நேரம்.
இடது முழங்காலில் திருகாணி உள்ள தேய்ன்
நடுவில் நான்கு தடவை
பூ பார்ப்பதுபோல் நடித்தான்.

பிக்கப்பின் பின்கதவில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.
நான்கு கால், முதுகு, கழுத்து, தலை:
சுமை ஐந்து.
ஆள் இரண்டு, கால் மூன்று.
செப்டம்பர் முதல் வாரம், மதிய வெயில் இருபத்தெட்டு டிகிரி.
ஈக்களுக்கு வரைபடம் வேண்டாம்.
எந்தப் பக்கம் கூட்டினாலும்
கடைசிச் சுமை மலையிலேயே நாறியது.

கோவேறு கழுதை வைத்திருக்கும் வெர்லிடம் போனோம்.
கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார்.
"என் கழுதைகளுக்கு
உங்களைவிட அறிவு அதிகம்" என்றார்,
வரைபடத்தை மடித்துக் கொடுத்தார்,
தப்பான மடிப்பில்.

அன்றிரவு அந்தக் குழியின் குறுக்கே
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.
தேய்ன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
நான்காம் நாள், சாப்பாட்டு வேளையில் ஃபோன்:
"பெண் எல்க்குகள் எங்கே மேய்ந்தன?"

மேலே.
முகட்டுக்கு இந்தப் பக்கம்,
புல் தட்டையில்,
சாலையிலிருந்து இரண்டே கிலோமீட்டர்.
கார் நிறுத்துமிடத்தில்
நம்மைப் போல எட்டு வண்டி நிற்கும் இடம்.
கேவலமான, சாதாரணமான இடம்.

செப்டம்பர் நடுவில் அதற்குத் தொண்டை திறக்கும்.
தூங்காது, தின்னாது,
நம்மால் ஏற்ற முடியாத அந்த எடையை,
கொம்பு உட்பட,
தானே சுமந்துகொண்டு மேலே வரும்.
வராமலும் போகலாம்.
பென்சில் குறியை நான் அழிக்கவில்லை.

இப்போது சாலையில் தார் வேலை.
புகைக்குள் கொடி பிடித்து லாரிகளை நிறுத்துகிறேன்.
எட்டு நாற்பதுக்கு
ஒரு நொடி கொடி தாழ்ந்துவிடுகிறது.
ஓட்டுநர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான்
வழி விடுகிறேன்.